வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குச் செயல்திறன் மதிப்பெண் போடுவதற்கு முன்

ஒரு வளரும் நாட்டில் அரசுப் பணத்தில் நடக்கும் 23 வேளாண் ஆராய்ச்சி நிலையங்களின் செயல்திறனை அளந்து வரிசைப்படுத்தித் தர வேண்டும். ஐந்து மாதத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி ஏற்ற வேலை பன்னிரண்டு மாதம் இழுத்தது. கணிப்பு மாதிரியை முதலில் தேர்ந்துவிட்டு, எதை எண்ணுவது என்பதைப் பிறகு யோசித்ததுதான் அந்த ஏழு மாதத்தைத் தின்றது. எல்லா நிலையங்களுக்கும் இரண்டாவது முறை போக வேண்டியிருந்ததால் பயணச் செலவு இரட்டிப்பானது. பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறு. முதல் வரைவில் கடைசி இடத்தில் நின்ற நிலையம் மோசமான நிலையமே இல்லை. அந்த வரைவு அப்படியே மேலே போயிருந்தால் அதன் நிதியை வெட்டியிருப்பார்கள், நியாயம் கேட்க அங்கிருந்தவர்களுக்கு வழியே இருந்திருக்காது. இந்த வேலையில் இறங்கப் போகிறவர்கள் எங்கெங்கே கவனிக்க வேண்டும் என்பதை வேலை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆள் கணக்கு. பணியாளர் பட்டியலைக் கேட்டால் நிலையம் மூன்று எண்களைத் தர முடியும்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்ட பணியிடங்கள், உண்மையில் ஆராய்ச்சி செய்பவர்கள். பெரும்பாலும் கைக்கு வருவது முதல் எண்தான், ஏனென்றால் அதுதான் அச்சடித்த ஆண்டறிக்கையில் இருக்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது, அதுவும் தலைகளின் எண்ணிக்கையாக இல்லாமல் முழுநேரச் சமனாக. ஒருவர் தன் வேலை நேரத்தில் 40 சதவீதத்தைப் பாடம் நடத்தவும் 20 சதவீதத்தை விதைப் பண்ணை நிர்வாகத்துக்கும் செலவிட்டால், ஆராய்ச்சிக் கணக்கில் அவர் 0.4 ஆள்தான். எது ஆராய்ச்சி, எது இல்லை என்று பிரிக்க 1963 முதல் வழக்கத்தில் உள்ள ஃப்ராஸ்கட்டி கையேட்டின் வரையறை போதும். சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்திவந்த ஆஸ்டி என்னும் வேளாண் அறிவியல் குறியீட்டுத் திட்டமும் முழுநேரச் சமனைத்தான் கையாண்டது. அதே முறையில் கணக்கெடுத்தால் பிற நாடுகளோடு ஒப்பிடும் வாசலும் திறந்திருக்கும்.

நான் இங்கே தவறவிட்டது படிப்பு விடுப்பில் இருந்தவர்களை. முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போனவர்களின் சம்பளம் நிலையத்தின் கணக்கிலேயே ஓடும், பெயரும் பட்டியலில் இருக்கும், ஆனால் வயலில் ஆள் இருக்காது. சிறிய நிலையத்தில் பத்துப் பேரில் மூன்று பேர் இப்படிப் போயிருந்தால் அதன் செயல்திறன் தாளில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். எதிர்காலத்துக்காக ஆள் தயாரித்த நிலையத்துக்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் ஒரு வரி போட்டு, பட்டம், வயது, நிலையத்தில் இருந்த மாதங்கள், நேரப் பங்கீடு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்புங்கள். நேரப் பங்கீட்டை நிலையத் தலைவரிடம் மட்டும் கேட்காதீர்கள், சம்பந்தப்பட்டவரிடமும் கேளுங்கள். இருவர் சொல்வதும் பெரிய அளவில் முரண்பட்டால் அந்தப் பருவத்தின் சோதனைத் திடல் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

அடுத்தது பணம். நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிய தொகை, கருவூலம் விடுவித்த தொகை, செலவான தொகை என்று இதிலும் மூன்று உண்டு. செலவான தொகையை மட்டும் எடுங்கள். அதைச் சம்பளம், நடைமுறைச் செலவு, மூலதனச் செலவு என்று மூன்றாகப் பிரியுங்கள். பிரிக்காமல் மொத்தமாக ஒரே உள்ளீடாகப் போட்டால், ஆய்வகக் கருவி வாங்கிய ஆண்டில் நிலையம் திடீரென்று சோம்பேறியாகிவிட்ட மாதிரி எண் காட்டும். கருவியும் வாகனமும் பல ஆண்டு உழைப்பவை. வாங்கிய விலையை ஆயுட்காலத்துக்குப் பங்கிட்டுத் தேய்மானமாக ஆண்டுதோறும் வையுங்கள். நன்கொடை அமைப்புகளின் திட்டப் பணம் தனி வங்கிக் கணக்கில் வந்து போகும், நிலையத்தின் முதன்மைக் கணக்குப் புத்தகத்தில் அது தெரியாது. அந்தப் பணத்தில் பிறந்த ரகமும் கட்டுரையும் மட்டும் விளைவுப் பட்டியலில் ஏறியிருக்கும். முதல் சுற்றில் முதலிடம் பிடித்த நிலையத்தின் சூட்சுமம் இதுதான். அதன் செலவில் கணிசமான பகுதி என் அட்டவணைக்குள் வரவே இல்லை. கணக்குப் பிரிவில் கேட்பதோடு நிறுத்தாமல், திட்ட ஒப்பந்தங்களின் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

பல ஆண்டுத் தொகைகளை ஒப்பிடும்போது மாற்றும் வரிசை முக்கியம். முதலில் உள்நாட்டுப் பணத்திலேயே விலைவாசி ஏற்றத்தை நீக்கி, ஓர் அடிப்படை ஆண்டின் விலைக்குக் கொண்டுவாருங்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் விலைச் சுட்டெண் இதற்குப் பொருத்தம். வேறு நாட்டோடு ஒப்பிட வேண்டியிருந்தால் மட்டும், அதன் பிறகு அந்த அடிப்படை ஆண்டின் வாங்கும் சக்தி விகிதத்தால், அதாவது ஒரே பொருட்களுக்கு இரு நாட்டிலும் ஆகும் விலைகளின் விகிதத்தால் மாற்றுங்கள். நாணயச் சந்தை விகிதத்தால் மாற்றினால் பெரிய பிழை நுழையும், ஏனென்றால் ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சம்பளமும் வயல் கூலியும். இவை நாடு விட்டு நாடு விற்கப்படும் சரக்கு இல்லை. நாணய மதிப்பு ஒரே ஆண்டில் சரிந்தால் ஒரு விஞ்ஞானியும் குறையாமலே ஆராய்ச்சிச் செலவு பாதியானதாக எண் காட்டும்.

இனி விளைவுகள். இங்கேதான் அதிக நாள் போனது, அதிக மனக்கசப்பும் இங்கேதான். எளிதாக எண்ணக் கிடைப்பவை கட்டுரைகளும் வெளியிட்ட ரகங்களும். இரண்டிலும் பொறி இருக்கிறது. சர்வதேசக் கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடினால் உள்ளூர் மொழி இதழ்களும் தேசிய அளவிலான ஆய்விதழ்களும் பெரும்பாலும் தட்டுப்படாது. மண், களை, நீர்ப்பாசனம் பற்றி அந்த வட்டாரத்துக்கு மட்டுமே பயன்படும் ஆய்வுகள் அங்கேதான் வெளிவரும். ஆகவே நிலைய நூலகத்தின் பட்டியலையும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். பல நிறுவனங்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பங்கிட்டு எண்ணுங்கள். ஐந்து நிறுவனங்கள் எழுதியது ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று ஏறினால் ஒரே கட்டுரை நாட்டில் ஐந்தாகிவிடும்.

ரகங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. வெளியீட்டுக் குழு ஒப்புதல் கொடுத்த ரகங்களில் பல, விதை பெருக்கப்படாமலே காகிதத்தில் நின்றுவிடுகின்றன. வெளியான ரகங்களை மட்டும் எண்ணினால், ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லாத ஏழு ரகங்களை வெளியிட்ட நிலையம், மில்லியன் கணக்கான விவசாயிகள் பயிரிடும் ஒரே ரகத்தைத் தந்த நிலையத்தை முந்திவிடும். இதைத் திருத்த இரண்டு கருவிகள் கைகொடுத்தன. ஒன்று, வல்லுநர் விதைக்கு (ரகத்தை உருவாக்கியவர்கள் பெருக்குவதற்காகத் தரும் மூல விதைக்கு) எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து கேட்பு வந்திருக்கிறது என்ற பதிவு. விதை உற்பத்தி செய்பவர்கள் விற்காத ரகத்துக்கு வல்லுநர் விதை கேட்க மாட்டார்கள், அதனால் இந்தப் பதிவேடு வயலின் நிலவரத்தை நன்றாகவே காட்டும். இன்னொன்று, பரப்பளவால் எடையிட்ட ரக வயது. ஒரு பயிரின் பரப்பில் 50 சதவீதத்தில் 20 ஆண்டுப் பழைய ரகம், 30 சதவீதத்தில் 10 ஆண்டு ரகம், மீதி 20 சதவீதத்தில் 4 ஆண்டு ரகம் என்றால், 10, 3, 0.8 மூன்றையும் கூட்டி 13.8 ஆண்டு. இந்த எண் குறையக் குறைய ஆராய்ச்சியின் பலன் வயலுக்கு வேகமாகப் போகிறது என்று பொருள். ஆனால் இதற்கு ரகவாரிப் பரப்பு விவரம் வேண்டும். விவசாயியிடம் பெயர் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரே பெயரில் நாலு ரகம் புழங்கும். மரபணுக் கைரேகைச் சோதனை நடந்த இடங்களில், விவசாயிகள் சொன்ன பெயருக்கும் வயலில் இருந்ததற்கும் பெரிய இடைவெளி தெரிய வந்திருக்கிறது. எல்லா வயலிலும் சோதிக்க வசதி இல்லாவிட்டால், ஒரு சிறு மாதிரியிலாவது சோதித்துப் பிழையின் அளவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரகம் யாருடையது என்ற கேள்வியும் உடனே வரும். 1966-ல் வெளியான ஐ.ஆர்.8 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கலப்பு செய்தார்கள், ஆனால் பெற்றோரில் ஒன்றான பேட்டா இந்தோனேசியாவிலிருந்து வந்தது, குட்டைத்தன்மையைக் கொடுத்த டீ-ஜியோ-வூ-ஜென் தைவானுடையது. கடைசிக் கலப்பு செய்தவருக்கே முழுப் பெருமை என்று வைத்தால் இரண்டு பெற்றோரும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். வடிவியல் விதி என்று ஒரு முறை உண்டு. கலப்பு செய்த இடத்துக்குப் பாதி, பெற்றோர் இருவருக்கும் சேர்த்துக் கால் பங்கு, பாட்டன் பாட்டிமாருக்குச் சேர்த்து எட்டில் ஒன்று என்று பங்கு பாதி பாதியாகக் குறைந்து போகும். எந்தத் தலைமுறையில் நிறுத்துகிறோமோ அதன் பங்கை இரட்டிப்பாக்கி மொத்தம் ஒன்று வரும்படி செய்ய வேண்டும். பெற்றோரோடு நிறுத்தினால் ஐ.ஆர்.8-க்குப் பாதி, கால், கால். வளரும் நாடுகளின் சிறிய நிலையங்கள் பல, சர்வதேச மையங்களிலிருந்து வந்த வரிசைகளை, அதாவது இன்னும் ரகமாக வெளிவராத கலப்புச் சந்ததிகளைத் தங்கள் மண்ணில் சோதித்துத் தேர்ந்தெடுத்தே ரகம் வெளியிடுகின்றன. அது மதிப்புக் குறைந்த வேலை இல்லை, குறைந்த செலவில் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான வேலை. ஆனால் சொந்தக் கலப்பு செய்யும் நிலையத்தோடு அதை ஒரே தட்டில் வைத்து எண்ணினால் கலப்பு செய்பவருக்கு அநியாயம். இரண்டையும் தனித்தனி விளைவாகப் பிரித்துவிடுங்கள்.

எட்டிய விளைச்சல் இறங்காமல் காக்கும் பராமரிப்பு ஆராய்ச்சியை முதல் சுற்றில் நான் முற்றிலும் விட்டிருந்தேன், இன்றும் வருத்தம் தரும் பிழை அது. கோதுமையில் தண்டுத் துரு நோயின் யுஜி99 இனம் 1998-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்டபோது, அதுவரை எதிர்ப்புத் தந்த மரபணு தோற்றுப்போனது. இப்படி நோய் மாறிக்கொண்டே இருக்கும்போது, விளைச்சல் ஏறாமல் அப்படியே நிற்பதற்கே தொடர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. விளைச்சல் உயர்வை மட்டும் பார்த்தால் அந்த நிலையம் எதுவும் செய்யவில்லை என்று தோன்றும். ஆராய்ச்சி இல்லாதிருந்தால் விளைச்சல் எங்கே விழுந்திருக்கும் என்று கேட்க வேண்டும். எதிர்ப்புத்திறன் இழந்த பழைய ரகத்தையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மருந்து தெளித்தும் தெளிக்காமலும் நடத்திய சோதனைகளின் பதிவுகள் இருந்தால், தவிர்த்த இழப்பை அவற்றிலிருந்து கணிக்கலாம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் கால இடைவெளி நம்மைக் கவிழ்க்கும். நெல், கோதுமை போன்ற தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் கலப்பு செய்து, ஐந்தாறு தலைமுறை தாண்டித் தூய வரிசை கிடைத்து, பல இடச் சோதனை முடிந்து ரகமாக வெளிவர ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும். ஆண்டுக்கு ஒரே பருவம் மட்டும் பயிர் செய்ய முடிந்த நிலையத்துக்கு ஆறு தலைமுறைக்கு ஆறு ஆண்டு, பருவம் தப்பிய காலத்திலும் பாசன வசதி உள்ள நிலையத்துக்கு மூன்று. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு டீசல் வாங்கப் பணம் இருந்ததா என்பதிலேயே மூன்று ஆண்டு நிற்கிறது. தென்னை மாதிரி நெடுங்காலப் பயிரில் நெட்டை மரம் காய்க்கவே ஆறேழு ஆண்டு ஆகும், ஒரு தலைமுறையைப் பார்த்து முடிப்பதற்குள் விஞ்ஞானி ஓய்வுபெற்றுவிடுவார். அமெரிக்க வேளாண் ஆராய்ச்சி பற்றிய விரிவான ஆய்வொன்றில் ஒரு செலவின் தாக்கம் ஐம்பது ஆண்டு வரை நீளும் என்றும், உச்சம் 24-ஆம் ஆண்டில் வரும் என்றும் கணித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, இந்த ஆண்டுச் செலவை இந்த ஆண்டு வெளிவந்த ரகத்தோடு வகுத்துப் பார்ப்பது தாத்தா நட்ட மரத்தின் காயைப் பேரன் இன்று ஊற்றிய தண்ணீரோடு வகுப்பது போல.

கடைசி இடத்தில் நின்ற அந்த நிலையத்துக்கு நேர்ந்தது இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதற்குப் புதிதாக இளம் விஞ்ஞானிகளைக் கொடுத்திருந்தார்கள். உள்ளீடு இரட்டிப்பானது, ரகம் இன்னும் வரவில்லை. சோதனைத் திடலில் நல்ல வரிசைகள் நின்றுகொண்டிருந்தன, என் அட்டவணையில் அவற்றுக்குக் கட்டமே இல்லை. பிறகு செய்தது: ரகங்களுக்கு எதிரே ஆறு முதல் பத்து ஆண்டுக்கு முந்தைய உள்ளீடுகளின் சராசரியை வைத்தேன். இப்போதைய உள்ளீட்டுக்கு எதிரே இடைநிலை விளைவுகளை, அதாவது செய்த கலப்புகள், முதல்நிலை விளைச்சல் சோதனையில் உள்ள வரிசைகள், பல இடச் சோதனைக்கு ஏறிய வரிசைகள் ஆகியவற்றை வைத்தேன். ரகம் ஒன்றும் வராத ஆண்டுகள் பல இருக்கும் என்பதால் ஆண்டு எண்ணிக்கைக்குப் பதில் ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை. பழைய உள்ளீட்டுப் பதிவு கிடைக்காத நிலையங்களுக்கு இடைநிலை விளைவை மட்டும் வைத்து மதிப்பிட்டு, அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதினேன். கால்நடை, மர, பருவப் பயிர் நிலையங்களை ஒரே வரிசையில் நிறுத்துவதையும் கைவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகுதான் கணிப்பு மாதிரி. பல உள்ளீடு, பல விளைவு உள்ள அமைப்புகளுக்குப் பரவலாகக் கையாளப்படுவது டி.இ.ஏ. என்னும் தரவு உறைப் பகுப்பாய்வு. 1957-ல் ஃபாரெல் போட்ட அடித்தளத்தில் 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் கட்டியது. விளைவுகளுக்குச் சந்தை விலை தேவையில்லை, சமன்பாட்டின் வடிவத்தையும் முன்கூட்டி ஊகிக்க வேண்டாம் என்பதால் ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஏற்றது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்கு மிகச் சாதகமான எடைகளை மாதிரியே தேர்ந்து, சிறப்பாகச் செய்பவர்களின் எல்லைக்கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் தரும்.

முதல் சுற்றில் நான்கு உள்ளீடு, ஐந்து விளைவு வைத்து ஓட்டினேன். 23 நிலையங்களில் 17 முழு மதிப்பெண் வாங்கின. முதலில் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. உண்மையில் அது மாதிரி வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். உள்ளீட்டையும் விளைவையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் வருவது, அவற்றின் பெருக்குத்தொகை, இரண்டில் எது பெரிதோ அத்தனை நிலையங்களாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ஒன்பதை மூன்றால் பெருக்கினால் 27, என்னிடம் இருந்தது 23. பரிமாணம் கூடக் கூட ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் ஒப்பற்றவராகிவிடுவார்கள். இரண்டு உள்ளீடு, மூன்று விளைவு என்று சுருக்கினால் 15 போதும். பிரேசிலின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா 1990களின் நடுப்பகுதியிலிருந்து தன் ஆராய்ச்சி மையங்களை இந்த முறையில் மதிப்பிட்டு வந்தது. 37 மையங்கள், 28 விளைவுக் குறியீடுகள், மூன்று உள்ளீடுகள். அத்தனை குறியீடுகளையும் நேராகப் போட்டால் எல்லோரும் முதல் வகுப்புதான். அவர்கள் விளைவுகளை அறிவியல் படைப்பு, தொழில்நுட்ப வெளியீடு, உருவாக்கிய தொழில்நுட்பங்கள், பரப்புதல் என்று தொகுத்து, உள்ளே இருப்பவர்களிடமே கருத்துக் கேட்டு எடை கட்டிச் சுருக்கினார்கள். இந்த அணுகுமுறையைத்தான் நானும் பின்பற்றினேன். எடைகளை நிலையங்களே விவாதித்து ஒப்புக்கொண்டதால், பின்னால் மதிப்பெண்ணை எதிர்த்துச் சண்டையும் குறைந்தது.

வேறு நாலைந்து இடங்களிலும் கால் வழுக்கும். அளவுக்கேற்ப மாறும் பலன் என்ற வகையை, அதாவது உள்ளீடு இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் என்று கொள்ளாத வகையை எடுத்தால், ஏதாவது ஓர் உள்ளீட்டில் மிகக் குறைந்த அளவு வைத்திருக்கும் நிலையம் தானாகவே எல்லைக்கோட்டில் ஏறிவிடும், எதிரே ஒப்பிட ஆளில்லை என்பதால். ஏதாவது ஒரு விளைவில் மிக உயர்ந்தவருக்கும் அப்படியே. அதனால், அப்படி இரட்டிக்கும் என்று கொள்ளும் மாறாப் பலன் வகையிலும் ஓட்டுங்கள்: மாறாப் பலன் மதிப்பெண்ணை மாறும் பலன் மதிப்பெண்ணால் வகுத்தால் அளவுத் திறன் கிடைக்கும். மதிப்பெண் தாழ்ந்தது நிர்வாகத்தாலா, நிலையம் தேவைக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ இருப்பதாலா என்று அதிலிருந்து தெரியும். மாறாப் பலன் வகையில் விகிதங்களையும் முழு எண்ணிக்கைகளையும் கலக்காதீர்கள், சதவீதம் நிலையத்தின் அளவோடு பெருகுவதில்லை. எடைகளுக்கு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் கட்டுரை மட்டும் எழுதும் நிலையம் ரகத்துக்குப் பூஜ்ய எடை வாங்கிக்கொண்டு 1 என்று நிற்கும். கடைசியாக, குறைந்த நிலையங்களை வைத்துக் கணித்த மதிப்பெண் எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். ஆய்வாளர்கள் சிமாரும் வில்சனும் 1998-ல் தந்த, இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணிக்கும் மறுமாதிரி முறையில் 2000 தடவை ஓட்டி, திருத்திய மதிப்பெண்ணோடு நம்பிக்கை இடைவெளியையும் எடுங்கள். நான் எடுத்தபோது நடுவில் இருந்த பதினொரு நிலையங்களின் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. 8-வது இடம், 14-வது இடம் என்று பிரிக்க எந்த ஆதாரமும் இல்லை. தரவரிசைப் பட்டியல் கேட்டவர்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் மேல், நடு, கீழ் என்று மூன்று கட்டாக மட்டும்தான் கொடுத்தேன்.

பண வருமானமாகக் காட்டுங்கள் என்று சிலர் கேட்பார்கள். வேளாண் ஆராய்ச்சிக்கு உள்வருமான வீதம் (செலவும் பலனும் சமனாகும் வட்டி வீதம்) கணக்கிடும் பழக்கம் 1958-ல் பொருளியலாளர் கிரிலிச்செஸ் அமெரிக்கக் கலப்பின மக்காச்சோளம் பற்றி எழுதியதிலிருந்து வேரூன்றியது. அந்த ஆய்விலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்வது 700 சதவீதம் என்ற எண். அதே தரவுக்கு உள்வருமான வீதமாக அவரே கணித்தது 35 முதல் 40 சதவீதம் வரைதான். எந்தச் சூத்திரம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் இவ்வளவு விலகும். வெற்றி பெற்ற பயிரை மட்டும் தேர்ந்து கணக்கிடுவதும் பெரும் தவறு. தோற்ற திட்டங்களின் செலவையும் அந்த வெற்றியின் தலையில் ஏற்றினால்தான் நிலையம் முழுமைக்குமான பலன் தெரியும். உள்வருமான வீதத்தில், இடையில் வரும் பலன் அனைத்தும் அதே உயர்ந்த வீதத்தில் மறுமுதலீடு ஆவதாக மறைமுக ஊகம் இருக்கிறது. பல மதிப்பீடுகளில் அதைத் திருத்தி மறுபடி கணித்த ஓர் ஆய்வில், வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பு 39 சதவீதத்திலிருந்து 9.8-க்கு இறங்கியது. 9.8-ம் நல்ல பலன்தான், நம்பும்படியும் இருக்கிறது.

தாழ்ந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் தேடும் இடத்தில் நிதி வந்த தேதியைப் பாருங்கள். எந்தப் புத்தகமும் எனக்கு இதை அழுத்திச் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் பணம் முழுவதும் வந்திருக்கும், ஆனால் விதைப்புக்கு முன் வந்ததா? மழை தொடங்கி ஆறு வாரம் கழித்து வந்த பணத்தில் உரமும் கூலியும் வாங்கி அந்தப் பருவச் சோதனையை மீட்க முடியாது. ஒரு தலைமுறை போனது போனதுதான், கலப்பு வரிசைகள் ஓர் ஆண்டு பின்வாங்கும். ஆகவே மாதவாரியாக விடுவித்த தொகையை எழுதி, விதைப்புத் தேதிக்கு முன் கைக்கு வந்த நடைமுறைச் செலவு எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் போடுங்கள். கூடவே ஒரு விஞ்ஞானிக்கு எவ்வளவு நடைமுறைச் செலவு என்பதையும், ஆண்டுக்கு ஆண்டு செலவு மாறும் வேகத்தின் திட்ட விலக்கத்தையும் எடுங்கள். பல நாடுகளில் சம்பளம் போக மிஞ்சுவது மிகக் குறைவு. விஞ்ஞானி மேசையில் இருப்பார், திடலுக்குப் போக வண்டிக்கு எரிபொருள் இருக்காது. அதைச் சோம்பல் என்று எண்ணால் எழுதுவது பெரிய கொடுமை. இந்தக் காரணங்களை மதிப்பெண்ணோடு தொடர்புபடுத்தும்போது வரம்புக்குள் அடங்கும் எண்களுக்கான புள்ளியியல் முறையான சாதாரண டோபிட் பின்னடைவைக் கையில் எடுக்காதீர்கள். மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அதன் பிழை மதிப்பீடுகள் பொய்யாகும். சிமார், வில்சன் இருவரும் 2007-ல் தந்த, துண்டித்த பின்னடைவோடு மறுமாதிரி எடுக்கும் முறைதான் பொருந்தும். நிலையங்கள் இருபத்துச் சொச்சமே என்றால் காரணிகள் இரண்டு மூன்றைத் தாண்ட வேண்டாம்.

எந்த மதிப்பெண்ணையும் மேலே அனுப்பும் முன் அந்தந்த நிலையத்துக்கு அதன் தரவுத் தாளைக் கொடுத்து மூன்று வாரம் அவகாசம் விடுங்கள். மதிப்பெண்ணை அப்போது காட்டாதீர்கள், காட்டினால் திருத்தங்கள் எல்லாம் ஒரே திசையில்தான் வரும். தாளை மட்டும் கொடுத்தபோது தங்களுக்குப் பாதகமான பிழைகளையும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள், ஓய்வுபெற்றவர் பெயர் பட்டியலில் நிற்கிறது என்றும், இந்த ரகம் எங்களுடையது இல்லை, பக்கத்து நிலையத்தினுடையது என்றும். பிறகு ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய ஒப்பீட்டுக் கூட்டாளி யார் என்று சொல்லுங்கள். மாதிரி தரும் துணை எண்களில் அது இருக்கும்: இந்த நிலையத்தை எந்த இரண்டு மூன்று நிலையங்களின் கலவையோடு ஒப்பிட்டது, எந்த விகிதத்தில் என்று. 0.71 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நிலையத் தலைவர் எதுவும் செய்ய முடியாது. உங்களைப் போன்ற மண், அதே பயிர், அதே ஆள் பலம் கொண்ட அந்த நிலையம் இரட்டிப்பு வரிசைகளைச் சோதனைக்கு ஏற்றுகிறது என்றால், அவர் அங்கே போய் எப்படி என்று கேட்கலாம். கடைசி இடத்திலிருந்து நடுக் கட்டுக்கு வந்த அந்த நிலையத்திலிருந்து இருவர் அப்படித்தான் போனார்கள். பருவம் தப்பிய காலத்தில் ஒரு தலைமுறையைக் கூடுதலாக எடுக்கும் வழியை அங்கே பார்த்துவந்து, சிறிய பாசனக் குழாய் ஒன்றுக்கு மதிப்பீடு எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.